தன்னைச் சுற்றித் தானே கோடு கிழித்துக்கொண்ட மாநகர்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், கர்தினால் இராபர்ட் பிரான்சிஸ் பிரிவோஸ்ட் பதினான்காம் லியோ என்னும் பெயருடன் திருத்தந்தையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட செய்தி வந்ததும், அவரது வாழ்க்கைக் குறிப்பை நம் இல்லங்களில் பலரும் ஆவலுடன் வாசித்தனர். அவர் பிறந்த ஊர் சிகாகோ என்பது எல்லார்க்கும் நினைவில் நின்றது. ஆனால், 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் அகுஸ்தினார் சபையில் நவசந்நியாசம் தொடங்கியது செயின்ட் லூயிஸ் என்னும் நகரில் என்ற வரியை நம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் மட்டுமே கவனித்திருந்தார். “சுவாமி, இந்த லூயிஸ் நம் ஞானப்பிரகாசியார் தாமே?” என்று நம்மிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன விடை நீண்டு நீண்டு இக்கட்டுரையாயிற்று.

இல்லை, ஞானப்பிரகாசியார் அல்லர். நாம் ஞானப்பிரகாசியார் என வணங்கும் அலோசியுஸ் கொன்சாகா, 1591-இல் உரோமையில் கொள்ளைநோயாளர்க்குப் பணிசெய்து இளமையிலேயே உயிர்நீத்த இயேசு சபைத் துறவி. அமெரிக்க நகருக்குப் பெயர் தந்தவரோ அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட பிரான்சு நாட்டு மன்னர் ஒன்பதாம் லூயிஸ். 1270-இல் சிலுவைப் போருக்குச் சென்றவிடத்தில் இறந்தவர்; ஆகஸ்டு 25-ஆம் நாள் அவரது திருநாள்.

கடலைக் காணாத நகர் இது. வடக்கிலிருந்து தெற்காக அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து ஓடும் மிசிசிப்பியின் மேற்குக் கரையில், மிசௌரி ஆறு வந்து கலக்கும் இடத்திற்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது. 1763-இன் இறுதியில் பியேர் லாக்லீட் என்னும் பிரெஞ்சு வணிகர், கடலோர நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆற்றில் எதிரேறி வந்து, செவ்விந்தியரோடு தோல் வாணிபம் செய்வதற்கு ஏற்ற இடத்தைத் தேடினார். வெள்ளம் எட்டாத மேட்டுக் கரையைக் கண்டு, அங்கிருந்த மரங்களில் வெட்டுக்குறியிட்டுச் சென்றார். மறு ஆண்டு, 1764 பிப்ரவரி நடுவில், அகுஸ்த் ஷூட்டோ என்னும் பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுவனின் பொறுப்பில் ஏறத்தாழ முப்பது ஆட்களை அனுப்பிக் காடு வெட்டச் செய்தார். நம் வீடுகளில் பதினான்கு வயதுப் பையனை நம்பிக் கடைக்கு அனுப்பவே தயங்குகிறோம்!

தம் மன்னர் பதினைந்தாம் லூயிஸின் பாதுகாவலர் பெயரை லாக்லீட் புதிய ஊருக்குச் சூட்டினார். அம்மன்னரோ 1762-லேயே அந்நிலத்தை இரகசிய உடன்படிக்கையால் ஸ்பெயின் நாட்டிற்குக் கொடுத்துவிட்டிருந்தார். செய்தி அங்கு எட்டவில்லை. பின்னர் ஸ்பெயின் ஆண்டது. மீண்டும் பிரான்சுக்குத் திரும்பிற்று. நெப்போலியன் அதை அமெரிக்காவுக்கு விற்றார். 1804 மார்ச்சு 9-ஆம் நாள் ஸ்பெயினின் கொடி இறங்கிப் பிரெஞ்சுக் கொடி ஏறியது; ஓர் இரவு பறந்தபின், மறுநாள் அதுவும் இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது.

வெறும் காட்டில் ஊர் எழுந்தது என்று எண்ணிவிடலாகாது. ஆற்றின் எதிர்க்கரையில் கஹோக்கியா என்னும் இடத்தில், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கூடை கூடையாக மண் சுமந்து மனிதர் எழுப்பிய மாபெரும் மேடுகள் உள்ளன. அவற்றுள் பெரியது ஏறத்தாழ 100 அடி உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிராப்பிஸ்ட் துறவியர் சில காலம் அவ்விடத்தில் வாழ்ந்தமையால் ‘துறவியர் மேடு’ என்றே அதற்குப் பெயர். செயின்ட் லூயிஸ் நகருக்குள்ளும் இத்தகைய மேடுகள் பல இருந்தன. ‘மேட்டு நகர்’ என்பது அதன் பழைய சிறப்புப் பெயர். பெயரை வைத்துக்கொண்டு மேடுகளை அழித்தனர். பெரிய மேடு 1869-க்குள் தரைமட்டமாயிற்று. நகருக்குள் எஞ்சியிருந்த மேட்டின் ஒரு பகுதியை ஒசேஜ் என்னும் பழங்குடியினர் 2009-இல் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. தம் முன்னோரின் மண்ணை விலைக்கு வாங்கிய மக்கள்!

தெருக்களை அளந்த நாளிலேயே லாக்லீட் ஆலயத்திற்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் என ஒரு மனையை ஒதுக்கினார். 1770-இல் அங்கே மரக்கட்டைகளால் ஆன சிற்றாலயம் மந்திரிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்கும் கல் ஆலயம், ஆயர் ரொசாத்தி 1834-இல் நேர்ந்தளித்த பழைய பேராலயம். மிசிசிப்பிக்கு மேற்கே கல்வியும் மருத்துவமும் பரவியதில் இவ்வூர்த் திருச்சபைக்குப் பெரும் பங்குண்டு. 1818-இல் ஆயர் தியூபூர் தொடங்கிய கல்லூரியே இன்றைய செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். அதே ஆண்டில்தான் திருஇருதய சபைக் கன்னியான ரோஸ் பிலிப்பின் துஷேன் பிரான்சிலிருந்து வந்திறங்கினார். 1988-இல் புனிதர் பட்டம் பெற்றார். 1828-இல் நான்கு பிறரன்புக் கன்னியர் வந்து மருத்துவமனை தொடங்கினர். நம் பங்குகளில் ஞாயிறுதோறும் ஏழை வீடுகளைச் சந்திக்கச் செல்லும் வின்சென்ட் தெ பவுல் சபையினர்க்கு ஒரு செய்தி: உங்கள் சபையின் முதல் அமெரிக்கக் கிளை, 1845 நவம்பரில் அந்தப் பழைய பேராலயத்தில் தொடங்கியதே.

நான்காண்டுகளில் அவர்களுக்கு வேலை வந்தது. 1849 மே 17-ஆம் நாள் இரவு துறையில் நின்ற நீராவிப் படகொன்றில் தீப்பற்றியது. 23 படகுகளும் ஏறத்தாழ 430 கட்டடங்களும் எரிந்தன. அதே கோடையில் வாந்திபேதி நகர மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரைக் கொண்டுபோயிற்று.

ஆனால் நெருப்பையும் நோயையும்விடக் கொடியதொன்று அவ்வூரில் இருந்தது. மிசௌரி அடிமை முறை நிலவிய மாநிலம். வேறொருவரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வது முறை: 1823-இல் மேரிலாந்திலிருந்து வந்த இயேசு சபையினரே மூன்று அடிமைத் தம்பதியரைத் தம்மோடு அழைத்து வந்தனர்.

1846 ஏப்ரலில் டிரெட் ஸ்காட் என்னும் அடிமையும் அவர் மனைவி ஹாரியட்டும் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அடிமை முறை விலக்கப்பட்ட பகுதிகளில் தம் உடைமையாளர் தம்மை வாழவைத்தமையால் தாம் விடுதலை பெற்றவர் என்பது அவர்தம் வாதம். 1850-இல் அவ்வூர் நடுவர் குழு அவர்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. 1852-இல் மாநில உயர்மன்றம் அதைத் தள்ளிற்று. வழக்கு வாஷிங்டன் வரை சென்றது. 1857 மார்ச்சு 6-ஆம் நாள், கறுப்பினத்தார் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டானி, அப்பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர். அந்நாட்டுக் கத்தோலிக்கர் அவரைப் பெருமையோடு நினைவுகூர இயலாது போயிற்று.

டிரெட் ஸ்காட்டை அந்த ஆண்டு மே மாதமே டெய்லர் புளோ என்பவர் விடுவித்தார். இவர் ஸ்காட்டின் முதல் உடைமையாளருடைய மகன். விடுதலையான மனிதர் ஒரு தங்கும் விடுதியில் சுமை தூக்கி, பதினாறு மாதமே வாழ்ந்து, 1858 செப்டம்பரில் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் கைவிடப்பட்டபோது, 1867-இல் புளோ அவரது உடலை எடுத்துக் கத்தோலிக்கரின் கல்வாரிக் கல்லறைத் தோட்டத்தில் தமக்குரிய இடத்தில் அடக்கம் செய்தார். 1957 வரை அக்கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை. இப்போது அங்குச் செல்வோர், அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் உருவம் பொறித்த ஒரு சென்ட் காசைக் கல்லின்மேல் வைத்துச் செல்வது வழக்கமாகியுள்ளது.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் நகர் மளமளவென்று வளர்ந்தது. ஜேம்ஸ் ஈட்ஸ் என்பவர் மிசிசிப்பியின் குறுக்கே எஃகுப் பாலம் கட்டினார். ஆற்றின் அடியில் காற்றழுத்தம் மிக்க அறைகளுக்குள் இறங்கித் தூண்களுக்கு அடித்தளமிட்ட தொழிலாளர்களுள் பத்துப்பேருக்கு மேல், மேலே ஏறியபின் உண்டாகும் அழுத்த நோயால் மடிந்தனர். பாலம் தாங்குமா என்று மக்கள் ஐயுற்றபோது, 1874 ஜூனில் யானை ஒன்றை நடத்திக் காட்டினர். யானை உறுதியற்ற இடத்தில் கால் வையாது என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று போலும்! அடுத்த மாதம் 4-ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது, மின்தொடர் வண்டி அதன்மேல் ஓடுகிறது.

இந்தச் செழிப்பின் நடுவேதான் நகர மக்கள் தம் வரலாற்றையே திருப்பிய செயலைச் செய்தனர். அமெரிக்காவில் ‘கவுண்டி’ என்பது நம் மாவட்டத்தைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. பெரும்பாலான நகரங்கள் ஏதேனும் ஒரு கவுண்டிக்குள் அடங்கியிருக்கும். செயின்ட் லூயிஸ் நகரும் அதே பெயருடைய கவுண்டிக்குள் இருந்தது. நகரில் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள். சுற்றிலும் வயலும் காடும், சில ஆயிரம் உழவரும். ‘நாம் கட்டும் வரிப்பணம் நாட்டுப்புறச் சாலைகளுக்குப் போகிறது, கவுண்டி அலுவலர் நம்மீது வீண் செலவு சுமத்துகின்றனர்’ என்று நகரத்தார் முறையிட்டனர். 1875-இன் மாநில அரசியற் சட்டம் பிரிந்துபோக வழி செய்தது. 1876 ஆகஸ்டு 22-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. முதல் எண்ணிக்கையில் பிரிவினை தோற்றது. வாக்கில் மோசடி என்று வழக்காடி மறுபடி எண்ணியபோது வென்றது!

அவர்கள் கஞ்சத்தனமாகக் கோடு கிழிக்கவில்லை. ஏறத்தாழ 18 சதுர மைலாக இருந்த நகரை 61 சதுர மைலாக விரித்து, அவ்வாண்டு திறந்த பெரும் பூங்காவையும் உள்ளே சேர்த்துக்கொண்டனர். நூறு ஆண்டுகளுக்கும் இது போதும் என்றனர். தன் ஆட்சிச் சாசனத்தைத் தானே எழுதிக்கொண்ட முதல் அமெரிக்க நகர் என்ற பெருமையும் வந்தது. ஆயினும் அக்கோட்டை மீறி ஓரடி நிலத்தையும் நகர் இனிச் சேர்த்துக்கொள்ள இயலாது. பிரிந்த நகருக்கு வெளியே 1880-இல் கவுண்டியில் முப்பதாயிரத்தைச் சற்றே மிஞ்சிய மக்கள்தாம் இருந்தனர். அவர்களைச் சுமையென்று எண்ணி இறக்கி வைத்த நகரத்தார், பிற்காலத்தில் யார் யாரைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

உடனடியாகத் தீங்கொன்றும் தெரியவில்லை. 1900-இல் நாட்டின் நான்காவது பெரிய நகர் அதுவே. 1904-இல் உலகக் கண்காட்சியும் ஒலிம்பிக் போட்டியும் அங்கே நடந்தன. அக்கண்காட்சியில் ஆயிரத்திற்கு மேற்பட்ட பிலிப்பைன் மக்களைக் கொண்டுவந்து ஊர்போல் குடிவைத்துக் காட்சிப்பொருளாக்கினர் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

வெளியே ஒரு கோடு கிழித்த மக்கள் உள்ளேயும் கோடு கிழிக்கத் தலைப்பட்டனர். 1916 பிப்ரவரி 29-ஆம் நாள், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருவில் கறுப்பினத்தார் குடியேறலாகாது என்னும் விதியை நகர மக்களே வாக்களித்து நிறைவேற்றினர். மறு ஆண்டு உச்சநீதிமன்றம் வேறோர் ஊரின் வழக்கில் இத்தகைய விதிகள் செல்லா என்றது. எனினும், ‘கறுப்பினத்தார்க்கு விற்கமாட்டோம்’ என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிக்கொள்ளும் வழக்கம் தொடர்ந்தது. ஆறு பிள்ளைகளின் பெற்றோரான ஷெல்லி தம்பதியர் 1945-இல் லாபடி சாலையில் அத்தகைய வீடொன்றை வாங்கினர். அயலார் வழக்குத் தொடுத்தனர். இத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948 மே 3-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த ஆண்டுகளில் திருச்சபைக்குள் நடந்தவற்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1944 பிப்ரவரி 11-ஆம் நாள், பல்கலைக்கழக ஆலயத்தில் மாணவர்க்குத் திருப்பலி நிறைவேற்றிய இயேசு சபைக் குரு கிளாடு ஹைத்தௌஸ், கறுப்பின மாணவர்க்கு வாயிலை மூடியிருப்பது பாவம் என்று மறையுரை நிகழ்த்தினார். கறுப்பின மக்களுக்கு இழைத்த தீங்குகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்ட எழுந்து நிற்குமாறு கேட்டார், மாணவர் எழுந்தனர். அக்கோடையிலேயே ஐந்து கறுப்பின மாணவர் சேர்க்கப்பட்டனர். தந்தையோ, கல்வியில் சேர்த்தபின் மாணவர் கூட்டங்களில் ஒதுக்குவது என்ன நியாயம் என்று தொடர்ந்து கேட்டமையால், மேலாளரால் வேறிடத்திற்கு அனுப்பப்பட்டார். சரியானதைச் சொன்னவர் இடமாற்றம் பெறுவது எந்த நாட்டிலும் புதுமையன்று.

1946-இல் பேராயராகப் பொறுப்பேற்ற யோசேப் ரிட்டர், மறு ஆண்டு கோடை முடிந்து பள்ளிகள் திறக்கும் நேரத்தில், மறைமாவட்டப் பள்ளிகள் அனைத்திலும் நிற வேறுபாடின்றி அவ்வப் பங்கின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் எனக் குருக்களுக்கு ஆணையிட்டார். நூற்றுக்கணக்கான வெள்ளையப் பெற்றோர் கூடிச் சங்கம் அமைத்தனர். நீதிமன்றம் செல்வோம் என்றனர். இவர்கள் யாரோ புறத்தார் அல்லர். நாள் தவறாது திருப்பலிக்கு வந்தவர்கள், ஆலயம் கட்டப் பணம் கொடுத்தவர்கள் பலர் அதில் இருந்திருப்பர். பங்குத்தந்தையாக இருக்கும் எவரும் அந்த நிலையை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். ரிட்டர் நடுங்கவில்லை. ஆயரின் ஆளுகைப் பணியைத் தடுக்க நீதிமன்றம் செல்வோர் சபைநீக்கத்திற்கு ஆளாவர் என்னும் சுற்றுமடலை அச்செப்டம்பரில் எல்லா ஆலயங்களிலும் வாசிக்கச் செய்தார். பெற்றோர் வாஷிங்டனிலிருந்த திருத்தந்தையின் தூதரிடம் முறையிட்டனர், அங்கும் ஆதரவில்லை. சில வாரங்களில் சங்கம் கலைந்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என உச்சநீதிமன்றம் கூறியது 1954-இல்தான். பேராயர் ஏழாண்டு முந்திக்கொண்டார். 1961-இல் அவர் கர்தினாலானார்.

பள்ளிகளில் கோடு அழிந்தது. ஆனால் வெளிக்கோடு நின்றது. 1950-இல் நகரின் மக்கள் தொகை 8,56,796. அதன்பின் மகிழுந்தும் நெடுஞ்சாலையும் வந்தன. வெள்ளையர் வாழும் புறநகர்களுக்கே வீட்டுக்கடன் எளிதாகக் கிடைத்தது. வசதியுள்ளோர் கோட்டைத் தாண்டிக் கவுண்டிக்குச் சென்றனர்; வரியும் அவர்களோடு சென்றது. 1876-இல் ‘சுமை’ என்று தள்ளிய நிலத்தில் செல்வம் குவிய, நகரில் ஏழைகள் எஞ்சினர். வேறு நகரங்கள் புறநகர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு வளர்ந்தன. இந்நகருக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. 2020 கணக்கெடுப்பில் நகரில் எஞ்சியவர் 3,01,578 பேர். கவுண்டியிலோ பத்து இலட்சத்திற்கு மேல்.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. செய்தவை பல காயத்தை ஆழப்படுத்தின. 1959-இல் தொடங்கி, ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தார், வாழ்ந்த மில் கிரீக் பகுதியை வீடுகளோடும் ஆலயங்களோடும் இடித்தனர். ஏழைகளுக்கெனப் பதினொரு மாடிகளில் 33 கட்டடங்களாக எழுப்பிய புரூயிட்-ஐகோ குடியிருப்பு, பராமரிக்கப் பணமின்றிச் சீரழிந்து, குடியேறிய இருபது ஆண்டுகளுக்குள் 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கப்படலாயிற்று. ஆற்றங்கரையில் நாற்பது தெருத்தொகுதிகளை ஏற்கெனவே அழித்திருந்தனர். பழைய பேராலயம் மட்டும் தப்பியது. அவ்வெளியில் 1965-இல் 630 அடி உயரத்தில் எழுந்த எஃகு வளைவே இன்று அந்நகரின் அடையாளம். அதன் காலடியில் பழைய பேராலயம் சிறு பொம்மைபோல் நிற்கிறது.

கவுண்டிக்கும் நற்பேறு முழுமையாகக் கிட்டவில்லை. நகரைப் பார்த்து அங்கேயும் கோடு கிழித்துக்கொண்டனர். ஏறத்தாழத் தொண்ணூறு தனித்தனி நகராட்சிகள்! சில தெருக்களுக்கு ஒரு மேயர். வரி வருவாய் போதாத சிற்றூர்கள் போக்குவரத்து அபராதத்தால் கருவூலத்தை நிரப்பின. அத்தகைய நகராட்சிகளுள் ஒன்றான ஃபெர்குசனில் 2014 ஆகஸ்டு 9-ஆம் நாள் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரௌன் காவலரால் சுடப்பட்டு இறந்து, தெருக்கள் கொந்தளித்தன. அவ்வூர்க் காவலும் நீதிமன்றமும் மக்களின் பாதுகாப்பைவிட அபராத வருவாயையே நாடின என்று நடுவண் நீதித்துறை 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது.

நகரையும் கவுண்டியையும் மீண்டும் இணைக்க முயலாமல் இல்லை. 1926-இலும் 1930-இலும் 1962-இலும் வாக்காளர் மறுத்தனர். 2019-இல் வந்த திட்டம் வாக்கெடுப்புக்கே வராமல் திரும்பப் பெறப்பட்டது. இதனிடையே மறைமாவட்டமும் தன் கோடுகளை மாற்ற வேண்டியதாயிற்று. நகரைவிட்டு மக்கள் நீங்கியதும், குருக்களும் விசுவாசிகளும் குறைந்ததும் காரணமாக, 178 பங்குகளை 134-ஆகக் குறைக்க 2023-இல் முடிவாயிற்று. ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் தங்கள் வியர்வையால் எழுப்பிய கோபுரங்கள் பலவற்றின் கீழ் இனி ஞாயிறு மணி ஒலியாது. இவ்வரியை எழுதும்போது நம் கை சற்று நின்றது.

2025 மே 16-ஆம் நாள், கவுண்டிப் பகுதியில் கிளம்பிய சூறாவளி கோட்டைக் கடந்து, பெரும் பூங்காவின் மரங்களைச் சாய்த்து, நகரின் வடபகுதியில் ஏழையர் வீடுகளின்மேல் விழுந்து அழித்தது.

ஆனாலும் இருசாராரும் ஒன்றுகூடியே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். 1954-இல் கழிவுநீருக்குப் பொது வாரியம் அமைக்க இரண்டும் இசைந்தன. சாக்கடை எல்லை பார்த்து ஓடாதல்லவா! மற்றொன்று விலங்குக் காட்சிசாலை. 1904 கண்காட்சியில் பறவைகளுக்கென எழுப்பிய பெருங்கூண்டை நகரத்தார் 3,500 டாலருக்கு வாங்கி வைத்துக்கொண்டனர். குடியிருப்பில் நிறக்கோடு கிழிக்க வாக்களித்த அதே 1916-இல், காட்சிசாலைக்கென வரி கட்டவும் அதே மக்கள் வாக்களித்தனர். நகரின் கருவூலம் மெலிந்தபோது, 1971-இல் நகர மக்களும் கவுண்டி மக்களும் சேர்ந்து வாக்களித்து, காட்சிசாலை, கலைக்கூடம் முதலியவற்றுக்கு இருபுறமும் வரி செலுத்த ஒப்புக்கொண்டனர். அக்கூண்டு இன்றும் பூங்காவில் நிற்கிறது. காட்சிசாலைக்குள் நுழையக் கட்டணமில்லை. எப்பக்கத்துப் பிள்ளை என்று வாயிலில் எவரும் கேட்பதுமில்லை.